கைதேர்ந்த எதிராளியைப் படித்து வெல்வது எப்படி: வன்னி இ-உதைபந்துக்காரருக்கு ஒரு வழிகாட்டி

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ வவுனியாவிலோ நடக்கும் ஒருநாள் இ-உதைபந்து (பிளேஸ்டேஷனிலோ போனிலோ ஆடும் உதைபந்து) சுற்றுப்போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். வீட்டில் கூட்டாளிமாரை அஞ்சு கோல் அடிக்கிற ஆள் நீங்கள். அங்கே போனதும் இரண்டாம் சுற்றிலேயே ஒருவர் மூன்று கோல் போட்டு அனுப்பிவிடுகிறார், என்ன நடந்தது என்றே விளங்குவதில்லை. அவரின் விரல் வேகம் உங்களுக்கு வர மாதக்கணக்காகும். ஆனால் அந்த விரல்கள் ஒரு ஆட்டத்தில் திரும்பத் திரும்பச் செய்வது மூன்று நான்கு காரியங்களைத்தான். அதில் அவர் அதிகம் நம்பியிருக்கும் ஒன்றைக் கண்டுபிடித்து அடைத்துவிட்டால், வேகம் குறைந்த கையாலும் அவரை வெல்லலாம்.

இங்கே சொல்பவை இரண்டு விளையாட்டுகளுக்கு: பிளேஸ்டேஷனில் ஆடும் ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி, போனில் ஆடும் ஈஃபுட்போல். பட்டன் பெயர்கள் பிளேஸ்டேஷனின் தொடக்க அமைப்புப்படி.

1. பெயர் கொடுக்க முன் விதிகளைக் கேளுங்கள்

விதி மாறினால் அதே விளையாட்டே வேறு விளையாட்டாகிவிடும். ஏற்பாட்டாளரிடம் வட்ஸ்அப்பில் கேட்டு, பதிலை ஸ்கிரீன்சொட் எடுத்து வையுங்கள். வாய்ப்பேச்சு போட்டி நாளில் செல்லாது.

- எந்தப் பதிப்பு, எந்தக் கருவி? எஃப்சி 24 இல் பழகிவிட்டு எஃப்சி 25 இல் போய் இருந்தால் தந்திரோபாயப் பக்கமே புதிதாக இருக்கும். ஒவ்வொரு வீரருக்கும் ‘ரோல்’ (களத்தில் அவர் செய்ய வேண்டிய வேலை) கொடுக்கும் முறை 25 இல்தான் வந்தது.
- ஒரு பாதி எத்தனை நிமிடம்? எஃப்சியில் சொந்த ரீம் சேர்த்து ஆடும் அல்டிமேட் ரீமில் ஒரு பாதி 6 நிமிடம். நேரம் மிச்சம் பிடிக்க இதைக் குறைக்கும் ஏற்பாட்டாளர்களும் உண்டு. 4 நிமிடப் பாதி என்றால் எதிராளியை ஆட்டத்துக்குள் சோதித்துப் பார்க்க நேரம் போதாது. முன்கூட்டியே பார்த்து வைப்பதுதான் வழி.
- சொந்த ரீமா, எல்லா வீரரும் 85 தரத்துக்குச் சமமாக்கப்பட்ட ரீமா?
- தந்திரோபாயம் மாற்ற எத்தனை நிமிடம் தருவார்கள்?
- சமநிலை வந்தால் மேலதிக நேரமா, நேரே பெனால்டியா?
- கரண்ட் போனால் அல்லது நெற் அறுந்தால் ஆட்டம் எந்த நிமிடத்திலிருந்து, எந்தக் கோல் கணக்கிலிருந்து தொடரும்? நம் பக்கத்தில் இதுதான் அதிகம் சண்டை வரும் இடம். பதில் இல்லாத ஏற்பாட்டாளரிடம் பதில் வரும்வரை காசு கட்டாதீர்கள்.

ஆவணங்களாக தேசிய அடையாள அட்டை, இன்னும் எடுக்காதவர்களுக்குப் பாடசாலை அடையாளமும் பெற்றோர் கையொப்பமிட்ட கடிதமும், நுழைவுக் கட்டணம் கட்டிய ரசீது, உங்கள் கணக்கின் பெயரும் எண்ணும் தெரியும் ஸ்கிரீன்சொட் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி போதும். கணக்குப் பெயரைப் பதிவுக்குப் பிறகு மாற்றாதீர்கள். பட்டியலில் ஒரு பெயர், திரையில் வேறு பெயர் என்றால் வெளியே நிற்க வேண்டி வரும்.

செலவில் நுழைவுக் கட்டணத்தை மட்டும் பார்ப்பவர்கள்தான் பிறகு முழிப்பது. பஸ், இரண்டு வேளைச் சாப்பாடு, டேட்டா எல்லாம் சேருங்கள். முல்லைத்தீவிலிருந்து கிளிநொச்சிக்குப் பரந்தன் வழியாகவோ வவுனியாவுக்கு மாங்குளம் வழியாகவோ வருகிறீர்கள் என்றால், திரும்பும் கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே நடத்துனரிடம் கேட்டு வையுங்கள். அரையிறுதி பொழுதுபட்ட பிறகுதான் தொடங்கும். பஸ் போய்விடும் என்ற பதற்றத்தோடு ஆடுபவர் 60 ஆம் நிமிடத்திலேயே கண்மூடித்தனமாக அடிக்கத் தொடங்குவார். ஆட்டோக் காசையோ தங்கும் வீட்டையோ முதலே ஒழுங்கு செய்துகொண்டு போங்கள்.

2. நெற்றும் கருவியும்: இரண்டு வாரத்துக்கு முன்

ஒன்லைன் ஆட்டம் ஒன்று இழுக்கும் டேட்டா மிகக் கொஞ்சம். டேட்டாவைத் தின்பது அப்டேட்டும் வீடியோவும்தான். அப்டேட்டுகளை நள்ளிரவு கடந்து, இரவு டேட்டாவில் இறக்குங்கள். போட்டிக்கு முதல் நாள் கட்டாயம் ஒருதரம் விளையாட்டைத் திறந்து பாருங்கள். போட்டி மேசையில் அமர்ந்த பிறகு பல நூறு எம்பி அப்டேட் கேட்டால் யாரும் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

பயிற்சிக்கு இரவு 7 முதல் 10 வரையான நேரம் கூடாது. ஊரே போனில் இருக்கும் நேரம், 4ஜி திணறும். விடியற்காலையில் ஆடிப் பாருங்கள், அதே விரல் வேறு ஆட்டம் ஆடும். வீட்டில் ரூட்டர் இருந்தால் பிளேஸ்டேஷனுக்கு வைஃபையை விட்டுக் கேபிள் போடுங்கள். ரீவியில் ‘கேம் மோட்’ போடாமல் ஆடினால் நீங்கள் பட்டனை அழுத்திச் சற்று கழித்தே திரையில் வீரர் அசைவார். பாதுகாப்பில் அந்தச் சிறு தாமதமே கோலாகும்.

போன்காரர்கள் சார்ஜ் போட்டபடி ஆடாதீர்கள். போன் சூடாகினால் தானாகவே வேகத்தைக் குறைக்கும், திரை விட்டு விட்டு ஓடும். தகரக் கூரையின் கீழே சித்திரை வெயிலில் ஆடுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பின் கவரைக் கழற்றி, மின்விசிறிக் காற்றில் வையுங்கள்.

3. எதிராளியை எங்கே, எப்படிப் பார்ப்பது

சீட்டுக் குலுக்கிப் பட்டியல் போட்டதும் உங்கள் பக்கத்தில் வரக்கூடிய இரண்டு பேரைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாரையும் பார்க்கப் போனால் ஒருவரையும் பார்த்ததாக இராது. அவர்களின் ஆட்டம் நடக்கும்போது மூன்று நான்கு அடி தள்ளிப் பின்னால் நில்லுங்கள். கைதட்டவோ ஆலோசனை சொல்லவோ வேண்டாம். போனில் படம் பிடிக்கலாமா என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டுவிட்டுப் பிடியுங்கள்.

பார்க்கும்போது பந்தைப் பார்த்தால் நீங்களும் ரசிகராகிவிடுவீர்கள். முதல் ஐந்து நிமிடம் திரையின் கீழே இருக்கும் ரேடாரை (எல்லா வீரரும் புள்ளிகளாகத் தெரியும் சிறு மைதானப் படம்) மட்டும் பாருங்கள். அவரின் பின்வரிசை மேலே நிற்கிறதா கீழே நிற்கிறதா, பந்து எந்தப் பக்கமாக ஏறுகிறது, யார் திரும்பி வராமல் மேலேயே நிற்கிறார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். பிறகு அவர் பாதுகாக்கும்போது எந்த வீரரைக் கையில் வைத்திருக்கிறார் என்று பாருங்கள். தலைக்கு மேலே அம்புக்குறி இருப்பவர்தான் அவர். சென்டர் பேக்கை (நடுப் பின்கள வீரர்) எடுத்துக்கொண்டு பந்தை நோக்கி ஓடி வருகிறவர் என்றால், அவர் எவ்வளவு அழகாக ட்ரிபிள் பண்ணினாலும் (பந்தைக் காலோடு வைத்து வெட்டி ஓடினாலும்) உங்களுக்கு அவரிடம் கோல் இருக்கிறது.

ஒன்லைன் போட்டி என்றால் அவர் யூடியூப்பிலோ பேஸ்புக்கிலோ ஆட்டங்களை ஏற்றியிருக்கிறாரா என்று தேடுங்கள். அவர் வென்ற ஆட்டத்தில் கற்க அதிகமில்லை. தோற்ற ஆட்டம் ஒன்று கிடைத்தால் அதை இரண்டு முறை பாருங்கள்.

4. கொப்பியில் எழுதுவது

40 பக்கக் கொப்பி ஒன்று போதும். ஒரு ஆளுக்கு ஒரு பக்கம். நினைவில் வைத்திருப்பேன் என்று நினைக்காதீர்கள், மூன்று ஆட்டம் கழிய எல்லா முகமும் ஒன்றாகிவிடும். ஒரு பக்கம் இப்படி இருக்கலாம்:

*நீலத் தொப்பிக்காரர். வரிசை (பின்னாலிருந்து முன்னுக்கு): 4-2-2-2. முதல் பந்து: பின்னுக்குக் கொடுத்து இடப்பக்கம். கோல் காப்பாளரிடமிருந்து: எப்போதும் குறும்பாஸ், வலது சென்டர் பேக். தாக்குதல் 10 இல் 7 இடப்பக்கம். பெனால்டிப் பெட்டி மூலையில் நின்று, பந்தை உருட்டி, உள்ளே வெட்டி, தூரத்துக் கம்பத்துக்கு வளைத்து அடி. வலக்கால் மட்டும். பாதுகாப்பு: ஆர்1 (இரண்டாவது ஆளைக் கூப்பிடும் பட்டன்) விடவே மாட்டார், சென்டர் பேக் வெளியே வரும். கோணர்: கிட்டக் கம்பம். கோல் வாங்கியதும் உடனே முழு அழுத்தம். 75 க்குப் பிறகு முன்வரிசை களைப்பு. பெனால்டி: வலது, வலது.*

இதில் ‘நல்ல ட்ரிபிள்’, ‘வேகம்’ போன்ற சொற்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். அப்படி எழுதினால் பயம் மட்டும்தான் மிஞ்சும். எந்த இடத்தில், எந்தக் காலால், எந்தப் பக்கம் என்று எழுதினால்தான் அதற்கு மறுமருந்து தேட முடியும். ஒரே காரியத்தை மூன்று முறை கண்ட பிறகே ‘பழக்கம்’ என்று குறியுங்கள். ஒரு முறை கண்டதை நம்பி ரீமை மாற்றி மாட்டிக்கொள்வது புதியவர்கள் எல்லாரும் செய்யும் பிழை.

5. ஆட்டத்துக்கு முன் வரும் திரை

எதிரணி வரிசை தெரியும் அந்தச் சில நொடிகளில் புதியவர்கள் நட்சத்திர வீரர்களின் முகத்தைப் பார்த்து மலைப்பார்கள். நீங்கள் வடிவத்தைப் பாருங்கள்.

4-2-2-2 அல்லது ஒடுங்கிய 4-1-2-1-2 என்றால் நடுவில் நெரிசல், ஓரங்களில் ஆளில்லை. பந்தை ஒரு பக்கம் வைத்து இழுத்துவிட்டு மறுபக்கம் நீளமாக மாற்றுங்கள். 4-3-3 இல் ஒரேயொரு தற்காப்பு மத்திய வீரர் இருந்தால் அவருக்கு இரு பக்கமும் ஓட்டை. மூன்று பின்கள வீரர் என்றால் பந்தைப் பறித்த மறுகணமே பக்கவாட்டு வீரருக்குப் பின்னால் அடியுங்கள், இரண்டு பாஸ் தாமதித்தால் அந்த இடம் மூடிவிடும். ஐந்து பேர் பின்னால் நின்றால் உயரப் பந்து போட்டுக் களைக்காதீர்கள். கோடுவரை போய்ப் பின்னுக்கு இழுத்துக் கொடுப்பதுதான் அதற்கு மருந்து.

ஈஃபுட்போலில் வீரரின் விளையாட்டுப் பாணியையும் பாருங்கள். ‘கோல் போச்சர்’ உங்கள் கடைசி வரிசைக்குப் பின்னால் ஓடுவார். ‘ஹோல் பிளேயர்’ பின்னாலிருந்து தாமதமாகப் பெட்டிக்குள் வருவார், அவரை விட்டுவிட்டுத்தான் பலர் கோல் வாங்குவது. ‘டீப்-லையிங் ஃபோவர்ட்’ கீழே இறங்கிப் பந்து வாங்குவார். அவரைச் சென்டர் பேக்கால் துரத்தினால் நீங்களே வாசலைத் திறந்துவிடுகிறீர்கள். உங்கள் வீரர்களின் அன்றைய நிலையைக் காட்டும் அம்பையும் பாருங்கள். கீழ்நோக்கிய அம்போடு நிற்கும் நட்சத்திரத்தைவிட மேல்நோக்கிய அம்போடு இருக்கும் சாதாரண வீரர் நல்லவர்.

6. முதல் 15 நிமிடம்: சோதனை

ஆட்டக் கடிகாரத்தில் முதல் 15 நிமிடத்தில் கோலுக்குப் பறக்காதீர்கள். மூன்று சோதனை செய்யுங்கள். உங்கள் பின்கள வீரர்களுக்குள் நான்கைந்து பாஸ் கொடுத்து, அவர் அழுத்த வருகிறாரா காத்திருக்கிறாரா என்று பாருங்கள். ஓரத்தில் பந்தைப் பிடித்து நின்று, அவர் எந்த வீரரைக் கொண்டு வருகிறார் என்று பாருங்கள். ஒரு நீளப் பந்தை வரிசைக்குப் பின்னால் போட்டு, அவரின் சென்டர் பேக் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறார் என்று பாருங்கள். கொப்பியில் இருப்பதோடு இது பொருந்தினால் திட்டத்தைத் தொடருங்கள். பொருந்தாவிட்டால் திரையை நம்புங்கள், கொப்பியை அல்ல.

7. பாதுகாப்பு

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். கைதேர்ந்தவரிடம் வாங்கும் கோல்களில் பெரும்பகுதியை அவர் அடிப்பதில்லை, நாம் பாய்ந்து கொடுக்கிறோம்.

அவரின் வீரர் தன் இடப்பக்கமாக வந்து உங்கள் பெட்டியின் மூலையில் பந்தோடு நிற்கிறார் என்று வையுங்கள். பந்தை மெதுவாக உருட்டுகிறார், காலை மேலே சுற்றுகிறார், ஒரு நொடி நிற்கிறார். உங்கள் கை பரபரக்கும். வட்டப் பட்டனை அழுத்துகிறீர்கள், உங்கள் வீரர் காலை நீட்டுகிறார். நீட்டிய கால் திரும்ப நிலைக்கு வர ஒரு கணம் ஆகும், அந்தக் கணத்தில் நீங்கள் எதை அழுத்தினாலும் வேலை செய்யாது. அவர் அவ்வளவு நேரமும் காத்திருந்தது அதற்குத்தான். எலாஸ்டிகோ என்ற கால் வித்தையோ சாதாரணத் திருப்பமோ, எதைப் போட்டாலும் நீங்கள் ஏற்கெனவே தரையில்.

செய்ய வேண்டியது இது. எல்2 (எதிராளியைப் பார்த்தபடியே நகரும் பட்டன்) பிடித்து, ஒரு ஆள் படுக்கும் அளவு தூரம் விட்டு, கோலுக்கும் அவருக்கும் நடுவில் நில்லுங்கள். அவரின் நல்ல கால் எதுவோ அந்தப் பக்கத்தைச் சற்று மூடி, கெட்ட காலின் பக்கத்தைத் திறந்து விடுங்கள். நீலத் தொப்பிக்காரருக்கு உள்பக்கத்தை அடைத்து, கோட்டோரத்தைக் கொடுங்கள். போகட்டும். அங்கே போனால் இடக்காலால் அடிக்க வேண்டும் அல்லது பின்னுக்குக் கொடுக்க வேண்டும். பந்து அவரின் காலை விட்டு அரை அடி விலகும் தருணம் ஒன்று எல்லா ஸ்கில்லிலும் (கால் வித்தையிலும்) உண்டு. அப்போது மட்டும் வட்டத்தை அழுத்துங்கள். ஈஃபுட்போலில் ‘மேட்ச்-அப்’ இதே வேலையைச் செய்யும். அழுத்தும் பட்டனைப் பிடித்துக்கொண்டே இருந்தால் உங்கள் வீரர் நேரே அவரின் காலடிக்குள் ஓடிவிடுவார்.

யாரைக் கையில் எடுப்பது? தற்காப்பு மத்திய வீரரை. சென்டர் பேக்குகளைக் கணினியிடம் விடுங்கள், அவை தம் இடத்தில் நிற்கும். மத்திய வீரரால் பாஸ் போகக்கூடிய பாதையை மூடி நின்றால் பாதிப் பந்து உங்கள் காலுக்கே வரும். வீரர் மாற்றத்துக்கு எல்1 ஐ மட்டும் நம்பாமல் வலது ஸ்டிக்கைத் திசை பார்த்துத் தட்டப் பழகுங்கள். நாளுக்கு 20 நிமிடம், ஒரு வாரம் செய்தால் கை தானாகப் போகும். ஸ்கில் பழகும் நேரத்தை இதற்குக் கொடுப்பது எவ்வளவோ மேல்.

ஆர்1 அழுத்தி இரண்டாவது ஆளைக் கூப்பிடுவது இனிப்பான பொறி. வரும் ஆள் தன் இடத்தை விட்டுத்தான் வருகிறார், அந்த இடத்துக்குத்தான் அடுத்த பாஸ் போகும். ஓரக்கோட்டில் எதிராளி முதுகு காட்டி நிற்கும்போது ஒரு நொடி தட்டுங்கள், உடனே விடுங்கள்.

8. ஆளுக்கேற்ற மருந்து

பந்தைத் தொடவே விடாமல் பாஸ் சுற்றுபவர்: துரத்தாதீர்கள். உங்கள் பின்வரிசையை நடுத்தரத்தில் வைத்து நடுவை மூடுங்கள். அவருக்குத் தேவை உங்கள் பொறுமை உடைவது. ஓரத்தில் எவ்வளவு சுற்றினாலும் கோல் இல்லை.

முழு மைதானத்திலும் அழுத்துபவர்: கோல் காப்பாளரிடமிருந்து குறும்பாஸ் கொடுத்து வீரம் காட்ட வேண்டாம். முன்கள வீரரின் மார்புக்கு நீளமாக அடித்து, இரண்டாவது பந்தை (அங்கே மோதித் தெறிப்பதை) எடுங்கள். இப்படி ஆடும் அணி 70 ஆம் நிமிடத்துக்குப் பிறகு களைத்துவிடும், உங்கள் வேகமான மாற்று வீரரை அதுவரை வெளியே வைத்திருங்கள்.

வரிசைக்குப் பின்னால் ஓட விடுபவர்: பின்வரிசையைக் கீழே இறக்குங்கள். எஃப்சி 25 இல் தற்காப்பு அணுகுமுறையை ‘டீப்’ ஆக்கலாம், ஈஃபுட்போலில் ‘டீப் லைன்’ கொடுக்கலாம். பாஸ் கொடுப்பவரை அழுத்துவதா, ஓடுபவரோடு ஓடுவதா என்று தடுமாறினால் ஓடுபவரோடு ஓடுங்கள்.

கீழே குந்தியிருந்து எதிர்த்தாக்குதல் செய்பவர்தான் உண்மையில் கடினமானவர். அவரிடம் பந்தை நீங்களே வைத்திருப்பீர்கள், நன்றாக ஆடுவதாக நினைப்பீர்கள், ஒரே நீளப் பந்தில் கோல் வாங்குவீர்கள். இரண்டு பக்கப் பின்கள வீரர்களையும் தாக்குதலுக்கு அனுப்பாதீர்கள், ஒருவரையாவது பின்னால் நிறுத்துங்கள். ஈஃபுட்போலில் அவர் ஒரு முன்கள வீரருக்கு ‘கவுன்டர் டார்கெட்’ கொடுத்திருந்தால் அந்த ஆள் பாதுகாக்க இறங்கவே மாட்டார். அவருக்குப் பக்கத்தில் எப்போதும் இரண்டு பேர் இருக்க வேண்டும்.

கோல் காப்பாளரைக் கையால் நகர்த்துபவர்களும் உண்டு. அடிக்க முன் காப்பாளர் கிட்டக் கம்பத்துக்கு நழுவுகிறாரா என்று பாருங்கள். நழுவினால் தூரத்துக் கம்பம் திறந்திருக்கும். ஒருமுறை அப்படி அடித்துவிட்டால் பிறகு அவர் நகர்த்தவே தயங்குவார்.

9. கோல் வாங்கிய பிறகு

உடனே எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். கோல் எப்படி வந்தது? அவரின் பழக்கத்தால் என்றால் ஒரே ஒரு மாற்றம், அந்தப் பக்கத்தை அடைக்க. உங்கள் பாஸ் பிழையால் என்றால் மாற்றமே வேண்டாம். ஒரே நேரத்தில் மூன்று மாற்றம் செய்தால் எது பலித்தது என்று உங்களுக்கே தெரியாது. மாற்றத்துக்கு ஆட்டக் கடிகாரத்தில் 15 நிமிடமாவது கொடுங்கள்.

கோல் போட்ட மறுநிமிடமும் ஆபத்தானது. பதிலடிக்கு அவர் முழு அழுத்தத்தோடு வருவார், நீங்கள் சந்தோஷத்தில் பின்வரிசையை மறந்திருப்பீர்கள். அடுத்த இரண்டு தாக்குதல் முடியும்வரை ஓரமாகப் பந்தை வைத்திருங்கள்.

10. பெனால்டியும் அடுத்த சந்திப்பும்

பெரும்பாலானவர்களுக்கு ஒரு பிடித்த பக்கம் உண்டு, நெருக்கடியில் அங்கேயே அடிப்பார்கள். கொப்பியில் இரண்டு ‘வலது’ இருந்தால் முதல் பெனால்டிக்கே அங்கே பாயுங்கள். இல்லையென்றால் முதல் இரண்டுக்கும் ஒரே பக்கம் பாய்ந்து, அவர் அதைக் கண்டு மாற்றுகிறாரா என்று பாருங்கள்.

ஆட்டம் முடிந்து பத்து நிமிடத்துக்குள் கொப்பியை நிரப்புங்கள், தோற்றிருந்தால் கட்டாயம். வீட்டில் பயிற்சி என்றால் பிஎஸ்4 இல் ஷெயார் பட்டன் கடைசி 15 நிமிடத்தைச் சேமித்துத் தரும். வாங்கிய கோல் ஒவ்வொன்றையும் பின்னோக்கிப் பார்த்து, முதல் பிழை எந்தப் பாஸில் என்று எழுதுங்கள்.

வன்னியில் ஆடும் வட்டம் சிறியது. இன்று மாங்குளத்தில் வென்ற ஆளை அடுத்த மாதம் வவுனியாவில் மறுபடி சந்திப்பீர்கள், அவர் கையிலும் ஒரு கொப்பி இருக்கலாம். ஆகவே உங்கள் பெயரிலும் ஒரு பக்கம் எழுதுங்கள்: முதல் பந்து எங்கே, எந்தப் பக்கம் அதிகம், எந்தக் கால், பெனால்டி எந்தத் திசை. அடுத்த போட்டிக்குப் பஸ் ஏற முன் அந்தப் பக்கத்தில் இரண்டு வரியை மாற்றிப் பழகியிருக்க வேண்டும்.